தாவா மரம்

"மரத்துக்கு ஆணையர் போட்டிருக்காங்க உன்னை.
நாய் இருக்கும், பார்த்துப் போ" என்றார் சீனியர்.

கார்த்திகை. முந்தின ராத்திரி மழை.
உசிலம்பட்டியில் எழுமலை பஸ் ஏறி இறங்கி
கரிசலில் செருப்பு கனக்கக் கனக்க நடந்தோம்
நானும், சர்வேயர் மாயழகும்,
கடப்பாரை தூக்கிய ஒரு பையனும்.

சொத்து விவரம்:
புல எண் 214, உட்பிரிவு 3பி.
ஒச்சம்மாள் நிலத்துக்குக் கிழக்கு
மொக்கராசு நிலத்துக்கு மேற்கு
இதற்கு நடுவில் புளியமரம் ஒன்று.
நடுவில் என்கிற அந்தச் சொல்லுக்குத்தான்
பதினோரு வருட வழக்கு.

உரச்சாக்கிலிருந்து ஒச்சம்மாள்
குத்தகைச் சீட்டுகளை எடுத்து வைத்தாள்.
ஈரம் படாமல் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில்.
தூர் என் பக்கம். தூர் யாருதோ காய் அவங்களுது.

மொக்கராசு மேலே கை காட்டினான்.
முக்கால்வாசிக் கிளை என் தலைக்கு மேல.
நிழல் விழுந்து மூணு சால் பருத்தி வெடிக்கல.
வெடிக்காத பருத்திக்கு விழுந்த புளி.

"உன் பக்கம் வந்தா கிளையை வெட்டிக்க.
காயைத் தொடாத."
இது அவளுக்கு வக்கீல் சொல்லிக் கொடுத்தது.
சட்டமும் ஏறக்குறைய அதுதான்.

பதினோரு வருடத்தில்
ஒரு விளாறுகூட நீ ஒடிக்கவில்லையே, ஏன்
என்று கேட்டேன்.
அவன் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெற்குக் கல் கிடைத்தது, எருக்கஞ்செடிக்குக் கீழே.
அங்கிருந்து வடக்குக் கல்
எண்பத்து நாலு மீட்டர் இருபது.
டேப்பின் நுனி மரப்பட்டையில் போய் முட்டியது.
மாயழகு திரும்ப இழுத்தார். பட்டை.
படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.
பட்டைதான்.

இரண்டு வேருக்கு நடுவே ஒரு சந்து,
பூனை நுழையும் அளவு.
பையன் கடப்பாரையை உள்ளே விட்டான்.

ணங்.

மரத்தில் அடித்தால் அப்படிக் கேட்காது.

மொக்கராசு ஓடிவந்து
அவள் நிலத்தில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தான்.
அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.
அத்துமீறல் என்று யாரும் சொல்லவில்லை,
நானும் குறிக்கவில்லை.

"கல்லை எடுத்தாத்தான் எல்லை சொல்லலாம்மா.
மரத்தை எடுத்தாத்தான் கல்லை எடுக்கலாம்"
என்று டேப்பைச் சுருட்டினார் மாயழகு.

அன்றிரவு அறிக்கை எழுதினேன்.
தூர் சுற்றளவு நான்கு மீட்டர் பத்து.
எல்லைக்கல் உள்ளதா: உள்ளது.
காணும் நிலையில் உள்ளதா: இல்லை.
மரத்தின் வயது:
கல் நட்ட அன்று இது காலடியில் ஒரு கன்றாக இருந்திருக்கலாம்,
நட்டவர் பிடுங்க மனமில்லாமல் விட்டிருக்கலாம்
என்று எழுதி, அடித்தேன்.
ஆணையர் ஊகிக்கக் கூடாது.

அடித்த இடம் கறுப்பாகத் தெரிந்தது.
வேறு தாளில் எழுதப் பொறுமை இல்லை.

மரத்தை அப்புறப்படுத்திக் கல்லைப் பார்க்கலாமா என
நீதிமன்றம் இருதரப்பையும் கேட்டது.
இரண்டு ஆட்சேபணை மனு வந்தது.
கோர்ட்டுக்கு எதிரே ஒரே டைப்பிங் கடை என்பதால்
இரண்டிலும் ஒரே பிழை:
மேற்படி மறத்தை வெட்டக் கூடாது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்,
துடைத்தார், மாட்டினார்.
வாய்தா மார்ச் ஆறு என்றார்.

கூண்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ஒரே நேரத்தில் எழுந்தார்கள்:

"அய்யா, அன்னைக்கிப் புளி உலுக்கணும்."